உழுதவர் பெயர் அடங்கலில் இருக்கிறதா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், தென்பெண்ணைக் கரை. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் சம்பா முழுக்கப் போய்விட்டது. சொந்த நிலம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. என் கணவரோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். இதைத் தவிர இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பார்க்கிறேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். நகையை வைத்து, ஏக்கருக்கு இருபத்தெட்டாயிரம் செலவழித்து நட்டது நான். நிவாரணம் வந்தபோது குத்தகை நிலத்துப் பணம் சென்னையில் இருக்கும் நிலக்காரர் கணக்குக்குப் போனது. சொந்த நிலத்துப் பணம் கணவரின் அண்ணன் கணக்கில் விழுந்தது. பக்கத்து வயல்காரர் ஐந்து ஏக்கருக்கும் வாங்கிவிட்டார். எங்கள் வயலில் அறுபது சென்டுக்கு மேல் ஆற்று மணல் ஏறிக் கிடக்கிறது. ஒரு கறவை மாடும் வெள்ளத்தோடு போனது. அரசு கொடுக்கும் பணம் நிலத்துக்கா, உழுகிறவருக்கா? அடுத்த முறையாவது விடுபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அம்மா, பணம் நிலத்துக்கா, உழுகிறவருக்கா என்று கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணம் உழுகிறவருக்கு. அதற்கு விதிமுறையில் இருக்கும் பெயரே ‘இடுபொருள் மானியம்’. விதை, உரம், மருந்து என்று மண்ணில் போட்டதெல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டது, அடுத்த பயிர் வைக்க ஒருவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது. நிலத்துக்கு விலையாகவோ, நிலக்காரருக்கு வருமான ஈடாகவோ அது கொடுக்கப்படுவதில்லை. ஒரு மூட்டை யூரியாகூட வாங்காத ஒருவர் கணக்கில் இடுபொருள் மானியம் விழுந்திருக்கிறது என்றால், அந்தப் பெயருக்கே பொருள் இல்லாமல் போகிறது.

அப்படியிருந்தும் அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தேன். வெள்ளம் வந்து வடிந்த வயல்களில் இறங்கி, நீங்கள் விடுபட்டீர்களே, அதே மாதிரிப் பட்டியல்களை என் கையால் எழுதியிருக்கிறேன். அதனால் விதியைச் சொல்வதோடு நிறுத்தாமல், அந்தப் பட்டியல் எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சொல்கிறேன். அது தெரிந்தால்தான் உங்களால் அதற்குள் நுழைய முடியும்.

முதலில் பணக் கணக்கு. இது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. தமிழ்நாடு மாதிரி மாநிலங்களில் அந்த நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசுடையது, மீதி மாநில அரசுடையது. எதற்கு எவ்வளவு என்பதை மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்திருக்கிறது. 2015-க்கு முன்னால் பயிர் பாதிக்குப் பாதி போயிருந்தால்தான் எதுவும் கிடைக்கும். அந்த ஆண்டு அதை 33 சதவீதமாக இறக்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு போயிருந்தாலே போதும் என்றானது. இறவைப் பயிருக்கு அப்போது ஹெக்டேருக்கு 13,500 ரூபாய். 2022 முதல் 2026 வரைக்கும் வகுத்த விதிமுறையில் அது 17,000 ஆனது. மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500. ஃபெஞ்சலுக்கு முதல்வர் அறிவித்ததும் இதே தொகைகள்தான். 2021 ஜனவரி மழைக்கு 20,000 கொடுத்தார்களே, இப்போது ஏன் குறைவு என்று உங்கள் ஊரில் கேட்டிருப்பார்கள். அந்த முறை விதிமுறைத் தொகைக்கு மேல் மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்துப் போட்டது. சேர்ப்பதும் சேர்க்காததும் ஒவ்வொரு முறையும் தனியாக எடுக்கிற முடிவு.

ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். உங்கள் குத்தகை நிலம் இரண்டு ஏக்கருக்கு சுமார் 13,760 ரூபாய் வரும். சொந்த நிலத்துக்குச் சுமார் 8,250. இரண்டும் சேர்ந்து 22,000. நீங்கள் போட்டதோ, நீங்கள் எழுதியிருக்கிற கணக்குப்படியே, தொண்ணூறாயிரத்துக்குப் பக்கம். முழுதாகக் கைக்கு வந்திருந்தாலும் கால் பங்குதான் அம்மா. அந்தக் கால் பங்கும் வேறு கைக்குப் போனது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்து வயல்காரர் விஷயம் வேறு: ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரைக்கும் என்பது உச்சவரம்பு, அவருடைய ஐந்து ஏக்கர் கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடுகிறது. நிலமும் பட்டாவும் சாகுபடியும் ஒரே ஆளிடம் இருப்பதால் அவருக்குச் சிக்கலே இல்லை. அவர்மேல் வருத்தப்பட வேண்டாம்.

இனி பட்டியல் எழுதப்படுகிற விதம். 2024 டிசம்பர் 2 விடிவதற்கு முன்னால் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் வெளியேறியது. அந்தத் தண்ணீர் உங்கள் ஊரைத் தாண்டி வடிவதற்கு முன்பே ‘கணக்கெடுத்து அனுப்பு’ என்று மேலிருந்து உத்தரவு வந்திருக்கும். ஒவ்வொரு கிராமத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து போவார்கள். கையில் சர்வே எண் வரிசைப்படி ஒரு தாள். வயல் வரப்பில் நின்று பயிரைப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை போயிருக்கிறது என்று கண் மதிப்பில் முடிவு செய்வார்கள். பொதி கட்டும் பருவத்தில் ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்த நெல்லைத் தூரோடு பிடுங்கினால் வேர் வெள்ளையாக இருக்காது, கறுத்து அழுகல் நாற்றம் அடிக்கும். குருத்தைக் கிள்ளி இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி இருந்தால் நூற்றுக்கு நூறு என்று எழுதிவிடலாம், அதில் சண்டை வராது. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான்: பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். ஒரே வாரத்தில் நானூறு ஐந்நூறு வயல்களை முடிக்க வேண்டிய ஆள், பெயர்க் கட்டத்தை நிரப்ப எதைப் பார்ப்பார்? கையில் இருக்கிற கணினிச் சிட்டாவைத்தான். சிட்டாவில் இருப்பது பட்டாதாரர் பெயர். உழுகிறவர் வரப்பில் நின்று ‘நான்தான் வைத்தேன்’ என்று சொன்னால் சில பேர் எழுதுவார்கள். சில பேர் நிலக்காரரிடம் கேட்டுவிட்டு வரச் சொல்வார்கள். அந்த நேரம் அவர் அங்கே இல்லையென்றால், அதோடு முடிந்தது.

நானும் அப்படி எழுதியவன்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பணியில் இருந்தேன். செம்மண் காட்டில் முந்திரி மரங்கள் வேர் மேலே தெரிய வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. பூவெடுக்க இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. ஒரு தோப்பில் அளந்து முடித்துக் கிளம்பும்போது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா விழுந்த மரத்தில் கைவைத்தபடி நின்றார். “மரம் அவரோடது சார், காய் எங்களோடது. வைகாசியிலேயே பணம் கட்டிட்டோம்” என்றார். காய்ப்புக் குத்தகை. நான் அதைக் கேட்டேன், புரிந்துகொண்டேன், தாளில் பட்டாதாரர் பெயரைத்தான் எழுதினேன், ஏனென்றால் தாளில் அதற்குத்தான் இடம் இருந்தது. அன்று மாலைக்குள் இன்னும் மூன்று தோப்பு முடிக்க வேண்டியிருந்தது. அந்த அம்மா என்னோடு சண்டை போடவில்லை. தோப்பு எல்லை வரைக்கும் கூடவே நடந்து வந்துவிட்டுத் திரும்பிப் போனார். பதின்மூன்று வருடம் கழித்து உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அவர் முகம்தான் கண்ணில் நின்றது.

சரி, உங்கள் குத்தகை நிலத்துக்கு வருவோம். உழுகிறவர் பெயருக்கு அரசுக் கணக்கில் இடம் இல்லாமல் இல்லை. கிராமக் கணக்கு எண் 2 என்று ஒன்று இருக்கிறது, அதுதான் அடங்கல். எந்தச் சர்வே எண்ணில், எந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு), என்ன பயிர், எவ்வளவு பரப்பு, யார் சாகுபடி என்று எழுதும் கணக்கு. பசலி ஜூலை 1-இல் தொடங்குகிறது; ஃபெஞ்சல் வந்தது 1434-ஆம் பசலியில். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். பயிர் யாருடையது என்று அடங்கல்தான் சொல்ல வேண்டும். நிவாரணப் பட்டியல் எழுத வருகிறவரிடம் உங்கள் பெயர் போட்ட அடங்கலைக் காட்டினால், அவர் அதைத் தள்ளிவிட்டு வேறு பெயர் எழுதுவது எளிதல்ல. நீங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். நட்ட அன்றைக்கே அடங்கலில் பெயர் ஏறியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு ஏற்றப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிலக்காரர்கள் இதற்குத் தயங்குவார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை ஒழுங்காகக் கட்டுகிற சாகுபடியாளரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி பாதுகாக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்கிறது. உழைக்கிறவர்களுக்காகக் கொண்டுவந்த நல்ல சட்டங்கள். ஆனால் அவற்றுக்குப் பயந்தே பல நிலக்காரர்கள் எதையும் எழுத்தில் வைக்க மாட்டேன் என்கிறார்கள். பதிவேட்டில் பெயர் ஏறினால் நிலமே போய்விடும் என்ற பயம். ஆந்திராவில் 2019-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பதினொரு மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை ஒன்று கொடுப்பார்கள். நிலக்காரர் அதில் கையெழுத்துப் போடுவார். அவருடைய உடைமைக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அட்டை வைத்திருப்பவர் கடனுக்கும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் போகலாம். நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால் அங்கேயும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் பயத்தை நேருக்கு நேர் பார்த்து எழுதிய வழி அது, இங்கேயும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்கள். அது நில உடைமைப் பதிவோடு இணைந்தது. இனிமேல் எல்லா உதவியும் அந்த எண்ணைப் பிடித்துத்தான் வரும் என்றால், உங்களைப் போன்றவர்கள் இன்னும் தள்ளிப் போவீர்களே என்று கவலையாக இருக்கிறது.

போன பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? உள்ளதைச் சொல்கிறேன்: ஒருவர் கணக்கில் விழுந்த நிவாரணத்தை அரசு திரும்ப எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்ததை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். அதைவிட நிலக்காரரிடம் நேரில் பேசுங்கள். போனில் வேண்டாம். ஊரில் அவர் மதிக்கிற ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். ‘உங்கள் கணக்கில் வந்த 13,760 ரூபாய் நான் போட்ட நாற்றுக்கும் உரத்துக்கும் வந்தது, இந்த வருடக் குத்தகையில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். ரொக்கமாகத் திருப்பிக் கொடு என்றால் முகம் சுளிக்கிறவர்கள்கூட, கழித்துக்கொள் என்றால் ஒத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். கழித்தால் அதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலேயே ‘இன்ன சர்வே எண்ணை இன்னார் சாகுபடி செய்கிறார்’ என்ற வரியும் வந்துவிடும். அது பின்னால் உங்களுக்கு உதவும்.

எவ்வளவு பணம், எந்தச் சர்வே எண்ணுக்கு, யார் பெயரில் போனது என்று சரியாகத் தெரியவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் எனக்குத் தரவில்லை’ என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் சுற்றி வளைத்து ஒரு பதில் வரும். ‘இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணுக்கு எடுக்கப்பட்ட பயிர்ச்சேதக் கணக்கெடுப்புப் படிவத்தின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். தாள் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் பேசுவது சுலபம்.

சொந்த நிலம் கொஞ்சம் வேறு மாதிரி. மாமனார் பெயரில் பட்டா இருந்தால் அவர் கணக்கில் பணம் போட முடியாது. வாரிசுகளில் ஒருவரை எழுத வேண்டும். கணக்கெடுக்க வந்தவர் அண்ணனைக் கேட்டிருப்பார், அவர் தன் ஆதாரைக் கொடுத்திருப்பார். கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. கிராமத்தில் ‘பெரியவர் பேரில் போடு’ என்பதுதான் வழக்கம். அவரிடம் நீங்களே பேசுவதைவிட உங்கள் கணவர் பேசுவது நல்லது, பெங்களூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாவது. பணம் 8,250-தான். ஆனால் அதை இப்போது கேட்காமல் விட்டால், நிலத்தில் சாகுபடி அவருடையது என்று ஊர் பேசத் தொடங்கிவிடும். அதற்குப் பயப்படுங்கள்.

நிரந்தரமாக இதைத் தீர்க்க வேண்டுமென்றால் மாமனாருடைய வாரிசுச் சான்று வாங்கி, மூன்று சகோதரர்களும் பாகப்பிரிவினை செய்துகொண்டு, சர்வேயர் வந்து உட்பிரிவு அளந்து, அவரவர் பெயரில் தனிப் பட்டா வாங்குவதுதான் வழி. ஆறு வருடம் தள்ளியாயிற்று, இன்னும் தள்ளினால் அடுத்த தலைமுறை வாரிசுகளும் சேர்ந்துகொள்வார்கள், அப்போது கையெழுத்து வாங்குவதே பெரிய வேலை. அதற்கு நாள் பிடிக்கும் என்றால், இடைக்கால ஏற்பாடாக மற்ற இரண்டு சகோதரர்களிடமும் ‘இந்த நிலத்தை இன்னார்தான் சாகுபடி செய்கிறார், அரசு உதவி எது வந்தாலும் அவருக்குக் கொடுக்க எங்களுக்குச் சம்மதம்’ என்று ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து வையுங்கள். ‘இன்னார்’ என்ற இடத்தில் உங்கள் கணவர் பெயரை எழுதாதீர்கள், உங்கள் பெயரை எழுதுங்கள். வயலில் இருப்பது நீங்கள். சாகுபடியாளர் என்று ஒரு பெண்ணின் பெயரை எழுதுவதற்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை. எழுதுகிறவர்களுக்கும் எழுதச் சொல்கிறவர்களுக்கும் அந்த வழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது மணல். இதைப் பற்றி ஊரில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். 2026 வரைக்கும் வகுத்த அதே நிவாரண விதிமுறையில் வயலில் படிந்த மணலையும் வண்டலையும் அகற்றுவதற்குத் தனியாக ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் இருக்கிறது. இரண்டு நிபந்தனை: படிவு மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும், அதை அதிகாரி சான்று செய்ய வேண்டும். வேறு எந்த அரசுத் திட்டத்திலும் இதே வேலைக்குப் பணம் வாங்கியிருக்கக் கூடாது. அறுபது சென்டுக்கு சுமார் 4,370 ரூபாய் வரும். ஜேசிபி வாடகைக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள், நியாயம்தான். ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள். மணலை இதுவரை அள்ளவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். வயலில் நான்கு இடத்தில் பழைய மண் தெரிகிற வரைக்கும் குழி வெட்டுங்கள். அடியில் கறுப்பாக உங்கள் களிமண், மேலே வெளுப்பாக ஆற்று மணல் என்று கோடு போட்டது மாதிரி தெரியும். அந்தக் கோட்டிலிருந்து மேலே வரைக்கும் பள்ளிக்கூட அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பின்னால் தெரிகிற பனையோ மோட்டார் கொட்டகையோ படத்தில் விழட்டும், எந்த வயல் என்று அடையாளம் வேண்டும். அந்தப் படத்தோடு மனு கொடுங்கள்.

மணலை இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறேன் என்று லாரிக்காரர்கள் வருவார்கள், ஒரு வேளை ஏற்கெனவே வந்திருப்பார்கள். விடாதீர்கள் அம்மா. உங்கள் பட்டா நிலத்தில் கிடந்தாலும், அனுமதி இல்லாமல் வெளியே ஏற்றிப் போனால் கனிமவளச் சட்டத்தில் வழக்கு வரும். வழக்கில் லாரியோடு நிலத்துக்காரரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். உரிய அதிகாரியிடம் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெளியே எடுக்க விடலாம். அதுவரை ஓர் ஓரமாக வரப்பில் ஒதுக்கி வையுங்கள். குத்தகை நிலத்திலும் மணல் இருந்தால் அந்த மனுவை நிலக்காரர்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அது நிலத்தைச் சீர் செய்யக் கொடுப்பது. பயிருக்கு வருவது உங்களுடையது, நிலத்துக்கு வருவது அவருடையது. இந்த வித்தியாசத்தை அவரிடமும் சொல்லுங்கள். ‘உங்களுக்குச் சேர வேண்டியதை நான்தான் எடுத்துச் சொன்னேன்’ என்று பேச்சைத் தொடங்கினால், குத்தகைக் கழிவுப் பேச்சும் சுமுகமாகப் போகும்.

மாட்டுக்கு அந்த விதிமுறையில் 37,500 ரூபாய் வரை இருக்கிறது. கால்நடை மருத்துவர் உடலைப் பார்த்துச் சான்று கொடுத்தால் சிக்கலில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு போய் உடலே கிடைக்காத மாடுகளுக்குத்தான் கஷ்டம், உங்களுடையதும் அப்படித்தான் என்று தெரிகிறது. காதில் மஞ்சள் வில்லை போட்டிருந்ததா? அதில் பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், தடுப்பூசி போட்டபோது மருந்தகத்தில் உங்கள் பெயரோடு அதைப் பதிந்திருப்பார்கள். பால் ஊற்றும் சங்கத்தில் டிசம்பர் 2-க்கு முன்னாலும் பின்னாலும் எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்ற கணக்கும் இருக்கும். இரண்டையும் வைத்து, கிராம நிர்வாக அலுவலர் முன்னால் அக்கம்பக்கத்தார் சாட்சியோடு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் இந்த இரண்டு தாளும் இல்லாமல் போனால் நிச்சயம் கிடைக்காது.

பயிர்க் காப்பீட்டை நிவாரணத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நிவாரணம் வாங்கினால் காப்பீடு இல்லை என்று ஊரில் சொல்வார்கள், தவறு. இரண்டும் தனித்தனி. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா நெல்லுக்கு நீங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவரும் சேரலாம், அதற்கும் அடங்கல்தான் கேட்பார்கள். ஆனால் ஒன்று: அதில் பெரும்பாலும் உங்கள் ஒரு வயலைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை. உங்கள் பகுதியில் பயிர் அறுவடைச் சோதனை நடத்திச் சராசரி மகசூல் எவ்வளவு குறைந்தது என்று பார்த்துத்தான் தருவார்கள். ஆற்றோரத்தில் உங்கள் வயல் மட்டும் போய், மேட்டு வயலெல்லாம் விளைந்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். தெரிந்தே கட்டுங்கள்.

அடுத்த சம்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நடவு முடிந்த வாரத்திலேயே, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால், வயலில் நீங்கள் நிற்கிற மாதிரி தேதி விழும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். விதை, உரம் வாங்கிய ரசீதெல்லாம் உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள், கடைக்காரர் கணவர் பெயரைத் தானாக எழுதுவார், மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருந்து, அதில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டு உறுதி செய்யுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் கணக்கு ஆதாரோடு இணையாததால் பணம் திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2024 கடைசியில் மின்னணு முறையில் பயிர்க் கணக்கெடுக்க வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பினார்கள். அப்படி யாராவது கைப்பேசியோடு வந்தால் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு வயலுக்குப் போய் நில்லுங்கள்.

அப்புறம் கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு மனு. நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: ‘இன்ன கிராமம், சர்வே எண் இன்னது, பரப்பு இவ்வளவு. இந்த நிலத்தில் நடப்புப் பசலியில் சம்பா நெல் சாகுபடி செய்து வருகிறேன். நிலம் இன்னாருக்குச் சொந்தமானது, நான் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறேன். நேரில் பார்வையிட்டு அடங்கலில் சாகுபடியாளர் பெயராக என் பெயரைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ நிலக்காரர் ஒப்புக்கொண்டால் அடியில் அவர் கையெழுத்தும் இருக்கட்டும். ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் மனுவைக் கொடுங்கள், பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். அந்த ஐந்து ஏக்கர்காரர் அதில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது, அவர் பேச்சுக்கு அங்கே எடை இருக்கும். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, அதே மனுவை ஆட்சியர் அலுவலகத்தில் மாதா மாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். நேரில் கொடுத்தால், இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.